சிறிதளவு நீரில் ஒரு பூம்போர்வை

உரைநடைப் பாடம்

நுழையும்முன்

வீட்டின் முன்புறத்திலும் பள்ளி வளாகத்திலும் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனைப் பசுமையாக்க விரும்புவோர் பெரும்பாலும் புல்லையே நினைக்கின்றனர். புல்தரைக்குக் கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். குடிநீரையே அளந்து செலவிடும் நகரங்களில் அதற்கு எங்கே போவது? குறைந்த நீரில் நிலத்தை மூடிப் பூத்துக் குலுங்கும் ஒரு சிறுசெடியைப் பற்றியும் அதனை வளர்க்கும் முறையைப் பற்றியும் இப்பாடம் விளக்குகிறது.

வெறுந்தரையும் மூடிய தரையும்

மரமோ செடியோ இல்லாத தரையில் வெயில் நேரே விழுகிறது. மேல்மண் சூடேறி, அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. காற்று வீசும்போது அம்மண் புழுதியாகப் பறக்கிறது; மழை பெய்யும்போது சேறாகக் கரைந்து ஓடுகிறது. ஆதலால் உழவர்கள் வைக்கோல், உலர்ந்த இலை முதலியவற்றைப் பரப்பித் தரையை மூடி வைப்பர். இதற்கு மூடாக்கு என்று பெயர். உலர்ந்த பொருளுக்கு மாறாக, படர்ந்து வளரும் செடிகளைக் கொண்டே தரையை மூடுவது உயிர்மூடாக்கு எனப்படும்.

புல்லும் தரையை மூடுவதுதான். ஆயினும் அது கேட்கும் விலை நீர். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அதன் அளவு 1 லிட்டர். கோடையில் ஒரு புல்தரைக்கு நாள்தோறும் 5 மில்லிமீட்டர் நீர் ஊற்றுவதாகக் கொள்வோம். 10 சதுர மீட்டர் புல்தரைக்கு ஒரு நாளில் 50 லிட்டரும், 30 நாள்களில் 1,500 லிட்டரும் செலவாகும். அதே பரப்பில், வாரம் இருமுறை மட்டும் அதே அளவு நீர் ஊற்றினால் போதுமான செடியை வளர்த்தால் மாதத்தில் 9 முறை நீர் ஊற்றினாலும் 450 லிட்டரே ஆகும். மிஞ்சும் 1,050 லிட்டர், நாளொன்றுக்கு 10 லிட்டர் குடிநீர் பருகும் ஒரு குடும்பத்திற்கு 105 நாள்களுக்கு வரும்.

2019 ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையும், 2024 ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூருவும் கடும் நீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்தன. லாரித் தண்ணீருக்காக மக்கள் குடங்களுடன் காத்திருந்த நாள்கள் அவை. அத்தகைய நாளில் அழகுக்காக ஊற்றும் நீர் ஒவ்வொன்றும் யாருடைய குடத்திலிருந்தோ எடுத்த நீராகவே அமையும். அழகு வேண்டும், அது பிறர் நீரைக் குடிக்காத அழகாக இருத்தல் வேண்டும்.

பெயரில் ஒரு கடிகாரம்

அத்தகைய செடிகளுள் ஒன்று பத்துமணிப்பூ. மேசை ரோஜா, டேபிள் ரோஸ் என்றும் இதனை அழைப்பர். செடி ஏறத்தாழ ஒரு சாண் உயரத்திற்கு மேல் எழுவதில்லை. பக்கவாட்டில் தரையோடு தரையாகப் படர்கிறது. வெண்மை, மஞ்சள், இளஞ்சிவப்பு, செம்மை, காவி எனப் பல நிறங்களில் பூக்கிறது. ஐந்து இதழ் கொண்ட ஒற்றையடுக்குப் பூவும், சிறு ரோஜாவைப் போன்ற பல்லடுக்குப் பூவும் உண்டு. பீட்ரூட் கிழங்கிற்கும் காகிதப்பூவிற்கும் நிறம் தரும் பீட்டாலைன் என்னும் நிறமியே இதற்கும் நிறம் தருகிறது.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, உருகுவே, தெற்குப் பிரேசில் ஆகிய இடங்களின் வெயில் மிகுந்த நிலங்களில் இயல்பாக வளர்வது. ஆங்கிலத் தாவரவியலாளர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் 1829 ஆம் ஆண்டு இதற்குப் போர்ச்சுலாக்கா கிராண்டிஃபுளோரா என்று பெயரிட்டார். கிராண்டிஃபுளோரா என்றால் பெரிய பூவினது என்று பொருள்.

கடல் கடந்து வந்த இச்செடிக்கு மக்கள் இட்ட பெயர்கள் சுவையானவை. தமிழரும் மலையாளிகளும் பத்துமணிப்பூ என்கின்றனர். வங்காளத்தில் இது டைம் ஃபூல், அதாவது நேரப்பூ. வடநாட்டின் சில பகுதிகளில் இந்தி பேசுவோர் நௌ பஜியா, அதாவது ஒன்பது மணிப்பூ என்பர். வியட்நாம் நாட்டாரும் பத்துமணிப்பூ என்னும் பொருளிலேயே இதனைக் குறிக்கின்றனர். ஒருவரை ஒருவர் கேளாமலேயே பலரும் இச்செடியில் ஒரு கடிகாரத்தைக் கண்டிருக்கின்றனர்.

உண்மையில் இப்பூ கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, கதிரவனையே பார்க்கிறது. ஒளியும் வெப்பமும் போதிய அளவு கிடைத்ததும் விரிகிறது; பிற்பகலில் சுருங்கத் தொடங்குகிறது. மேகம் சூழ்ந்த நாளில் விரியாமலும் இருந்துவிடும். இந்தியா முழுமைக்கும் கடிகார நேரம் ஒன்றே. கதிரவன் நேரமோ ஊருக்கு ஊர் வேறு. கொல்கத்தா மும்பைக்கு ஏறத்தாழ 15 பாகை கிழக்கே உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் என்னும் கணக்கில், கொல்கத்தாவில் கதிரவன் உச்சிக்கு வருவது மும்பையைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி நிகழ்கிறது. ஆகவே உங்கள் ஊர்ப் பத்துமணிப்பூ எத்தனை மணிக்கு மலர்கிறது என்பதை நீங்களே பார்த்துத்தான் அறிய வேண்டும்.

நீரைச் சேர்த்து வைக்கும் உடல்

பத்துமணிப்பூவின் இலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊசிபோல் ஒடுங்கியும் உருண்டும் இருக்கும் அவ்விலை நீர் நிறைந்தது. தண்டும் சதைப்பற்று உடையது. மழை பெய்த காலத்தில் பெற்ற நீரை இவ்வுறுப்புகளில் சேர்த்து வைத்து, வறண்ட காலத்தில் செடி செலவிடுகிறது. இலை தட்டையாக விரியாமல் உருண்டிருப்பதால் காற்றும் வெயிலும் படும் பரப்பு குறைகிறது.

இன்னொரு திறமும் இதற்கு உண்டு. தாவரங்கள் உணவு தயாரிப்பதற்குக் கரியமில வாயுவை இலைத்துளைகளின் வழியாகப் பெறுகின்றன. பகலில் துளை திறந்தால் வாயு உள்ளே வரும். அதே வழியில் நீர் ஆவியாக வெளியேறும். வறட்சி மிகும்போது பத்துமணிப்பூச் செடி பகலில் துளைகளை ஒடுக்கிக்கொண்டு, குளிர்ந்த இரவில் வாயுவைப் பெற்று அமிலமாகச் சேமித்து வைக்கிறது. மறுநாள் வெயில் வந்ததும் அதனைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. நீர் கிடைக்கும்போது ஒருவகையாகவும் கிடைக்காதபோது வேறுவகையாகவும் வாழத் தெரிந்த செடி இது.

நம் வீட்டுச் சமையலில் இடம்பெறும் பருப்புக்கீரை இச்செடியின் நெருங்கிய உறவு. வடநாட்டுச் சந்தைகளில் குல்ஃபா என்னும் பெயரில் அக்கீரை விற்கப்படுகிறது. இலையையும் தண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உறவு விளங்கும். ஆயினும் பத்துமணிப்பூ அழகுக்காக வளர்ப்பது. அதனைக் கீரையாகக் கருதி உண்ணலாகாது.

நடும் முறை

இடம்: நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிழலில் செடி உயிரோடு இருக்கும், பூக்காது.

மண்: நீர் தேங்காத மண்ணே இதற்கு உகந்தது. தோட்டமண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு அரைப் பங்கு எனக் கலந்துகொள்ளலாம். எரு மிகுந்தால் இலை பெருகிப் பூ குறையும். புணே, நாக்பூர், போபால் போன்ற ஊர்களின் கரிசல்மண் நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும் இயல்புடையது. அங்கே பாத்தியை 15 செ.மீ. உயர்த்தி, மணல் கூட்டி அமைப்பது நன்று.

நாற்று: செடி வளர்ப்போரிடம் கேட்டு 5 முதல் 8 செ.மீ. நீளமுள்ள தண்டுத்துண்டுகளைப் பெறுங்கள். அடிப்பகுதி இலைகளைக் கிள்ளிவிட்டு, துண்டின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நடுங்கள். துண்டுகளுக்கு இடையே 20 செ.மீ. இடைவெளி விட்டால் 1 சதுர மீட்டருக்கு 25 துண்டுகள் போதும். ஓரிரு வாரங்களில் வேர் பிடித்துவிடும். ஒரு வீட்டில் கிள்ளிய ஒரு கைப்பிடித் தண்டு, ஒரு தெருவையே பூக்க வைக்கப் போதுமானது. காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

விதை: விதை கடுகினும் மிகச் சிறியது. அது முளைப்பதற்கு ஒளி வேண்டும். ஆகவே ஈரமண்ணின்மேல் தூவி, மெல்ல அழுத்தினால் போதும், மண்ணால் மூடலாகாது. வெப்பமான காலத்தில் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் முளைவிடும். விதைத்த 6 முதல் 8 வாரங்களில் பூக்கத் தொடங்கும்.

நீர் ஊற்றும் அறிவு

பத்துமணிப்பூச் செடிகள் நீரின்றி இறப்பதைவிட, நீர் மிகுந்து இறப்பதே மிகுதி. செடியின்மேல் அன்பு கொண்டவர்கள் காலையும் மாலையும் நீர் ஊற்றுகின்றனர். வேர்களுக்குக் காற்றுக் கிடைப்பதில்லை, தண்டின் அடிப்பகுதி அழுகுகிறது, செடி வாடுகிறது. வாடிய செடியைக் கண்டு அவர்கள் இன்னும் நீர் ஊற்றுகின்றனர். அதனோடு செடி முடிந்துபோகிறது.

வாட்டம் ஒன்றே, காரணம் இரண்டு. நீர் போதாமல் வாடிய செடியின் இலைகள் சுருங்கி வரிவரியாக இருக்கும், மண் உலர்ந்திருக்கும். அழுகலால் வாடிய செடியின் தண்டு அடியில் கறுத்துக் குழைந்திருக்கும். மண் ஈரமாக இருக்கும். முதல் செடிக்கு நீர் தேவை. இரண்டாம் செடிக்கு நீரை நிறுத்தி, அழுகாத நுனிகளைக் கிள்ளி உலர்ந்த மண்ணில் புதிதாக நட வேண்டும்.

ஐயம் தோன்றும்போது விரலை 3 செ.மீ. ஆழம் மண்ணில் செலுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் வேர்வரை நனையுமாறு ஒருமுறை ஊற்றிவிட்டு, மீண்டும் உலரும்வரை காத்திருங்கள். நட்ட முதல் பத்து நாள்கள் மட்டும் மேல்மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு நிலத்தில் வேரூன்றிய செடிக்குக் கோடையிலும் வாரம் இருமுறை பெரும்பாலும் போதும். தொட்டியில் மண் குறைவாதலால் விரைவில் உலரும். அங்கே விரல் சொல்வதையே கேட்க வேண்டும். அரிசி, காய்கறி கழுவிய நீரையும் இதற்குப் பயன்படுத்தலாம். உப்பும் சோப்பும் கலந்த நீர் ஆகாது.

நமக்குக் கொடுக்கத் தோன்றுவதைக் கொடுப்பது ஒன்று. செடிக்கு வேண்டியதை அறிந்து கொடுப்பது வேறொன்று. பின்னதே வளர்ப்பு.

ஊரும் காலமும்

தில்லி, சண்டிகர், லக்னோ முதலிய வடநகரங்களில் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் மாதத்திலோ நட்டால் கோடை முழுதும் பூக்கும். உறைபனியையும் கடுங்குளிரையும் இது தாங்காது. ஆகவே குளிர் தொடங்கும் முன்னரே விதையைச் சேர்த்து வைக்க வேண்டும். முற்றிய விதைப்பையின் மேற்பகுதி சிமிழின் மூடிபோல் தனியே கழன்றுவரும். சிறுகதவு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே போர்ச்சுலாக்கா என்னும் பெயர் வந்தது என்பர். மூடி கழன்றதும் உள்ளிருக்கும் விதைகள் சிதறிவிடும். முந்திக்கொண்டு காகித உறையில் சேர்த்திடுக.

மும்பை, கொல்கத்தா போன்ற ஊர்களில் இடர் தருவது குளிரன்று; தொடர்மழை. மழைக்காலத்திற்கு முன் சில தண்டுகளைத் தொட்டியில் நட்டு, வெயில் படும் தாழ்வாரத்தில் வைத்துக் காத்தால் மழை ஓய்ந்தபின் மீண்டும் பாத்தியில் நடலாம்.

எதை நடலாகாது?

எல்லா இடத்திற்கும் எல்லாச் செடியும் பொருந்தா. பத்துமணிப்பூ மிதிபடுவதைத் தாங்காது. விளையாடும் திடலுக்குப் புல்லே ஏற்றது. விரைந்து படர்கிறது என்பதற்காக ஒரு செடியை நடுவதும் தவறு. பல நகரங்களின் சாலை நடுவே மஞ்சள் பூவுடன் படர்ந்திருக்கும் வெடேலியா, நம் நாட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் போலவே தோன்றும். ஆனால் அது அயல்நாட்டுச் செடி. தோட்டத்தை விட்டு வெளியேறி, பிற செடிகளை நெருக்கி அழிக்கும். உலகின் மிகக் கொடிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறனுள் ஒன்றாக அது பட்டியலிடப்பட்டுள்ளது. நிலத்தை மூடும் செடி, நிலத்தை விழுங்கும் செடியாக ஆகிவிடலாகாது.

ஒருநாள் பூவின் பல பெயர்கள்

பத்துமணிப்பூவின் ஒவ்வொரு மலரும் பெரும்பாலும் ஒரு நாளே வாழும். அந்த ஒரு நாளில் அது கடக்கும் நிலைகளுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முந்தைய நாளில் இலைகளுக்கு இடையே தலைகாட்டுவது அரும்பு. காலையில் இதழ் நெகிழ்ந்து விரியத் தொடங்குவது போது. வெயிலில் முழுதும் விரிந்து நிற்பது மலர். அதனையே அலர் என்றும் கூறுவர். மாலையில் வாடிச் சுருங்கியது செம்மல். செடியிலிருந்து கீழே உதிர்ந்த பூவிற்கு வீ என்று பெயர். பத்துமணிப்பூவோ எளிதில் வீ ஆவதில்லை. வாடிய இதழ்கள் குழைந்து ஒட்டிக்கொண்டு, முதிரும் விதைப்பையின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கின்றன.

விரிந்த மலரின் நடுவிலுள்ள மகரந்தத்தாள்களை மெல்லிய குச்சியால் தொட்டுப் பாருங்கள். அவை தொட்ட பக்கமாக மெல்ல அசையும். தேனீ வந்து அமரும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. இச்சொற்களை ஏட்டில் மட்டும் படித்தால் ஒன்றோடொன்று மயங்கும். ஒரு பாத்தியின் அருகே காலை முதல் மாலைவரை நான்கு முறை சென்று பார்த்தவர் அவற்றை மறக்க மாட்டார். தமிழகத்திற்கு வெளியே வாழும் உங்களுக்கு இச்சொற்கள் நாள்தோறும் காதில் விழுவது அரிது. அவற்றைக் கண்ணால் கற்பதற்கு ஒரு சாண் நிலமும் சிறிதளவு நீரும் போதும்.

தெரிந்து தெளிவோம்

வறண்ட நிலத்தில் படர்ந்து பூக்கும் செடிகளைச் சங்கப் புலவர்களும் கூர்ந்து நோக்கியுள்ளனர். மஞ்சள் நிறப் பூவுடைய நெருஞ்சி அவற்றுள் ஒன்று. அதன் பூ கண்ணுக்கு இனியது. காயோ முள் உடையது. இவ்வியல்பு குறுந்தொகையில் உவமையாக அமைந்துள்ளது.

சொல்லும் பொருளும்

மூடாக்கு – மண்ணை வெயிலிலிருந்து காக்கப் பரப்பும் பொருள்
பாகை – கோண அளவு
கரிசல்மண் – ஈரம் காக்கும் கருநிற மண்
மட்கிய – மக்கி உரமான
சிமிழ் – மூடியுள்ள சிறு பேழை
தாழ்வாரம் – கூரை தாழ்ந்த வீட்டு ஓரப்பகுதி

மதிப்பீடு

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உயிர்மூடாக்கு என்றால் என்ன?
2. பத்துமணிப்பூவின் விதையை மண்ணால் மூடலாகாது. ஏன்?
3. கரிசல்மண் உள்ள ஊர்களில் பாத்தியை எவ்வாறு அமைக்க வேண்டும்?

ஆ) ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. வறட்சியைத் தாங்குவதற்குப் பத்துமணிப்பூச் செடி பெற்றுள்ள திறன்கள் யாவை?
2. நீர் போதாமல் வாடிய செடியையும் அழுகலால் வாடிய செடியையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவாய்?

இ) சிந்தித்து எழுதுக.
உன் பள்ளி நுழைவாயிலின் அருகே புல்தரை அமைக்கத் திட்டமிடுகின்றனர். அங்கே யாரும் நடப்பதில்லை. நாள் முழுதும் வெயில் விழுகிறது. பத்துமணிப்பூவை நடலாம் எனக் கோரி, நீர்க்கணக்கைச் சான்றாகக் காட்டி முதல்வருக்கு விண்ணப்பம் எழுதுக.

மொழிப்பயிற்சி

பூ என்னும் சொல்லின்பின் வல்லின எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போது, அவ்வல்லெழுத்து மிகுவதும் உண்டு. அதற்கு இனமான மெல்லெழுத்துத் தோன்றுவதும் உண்டு.
எடுத்துக்காட்டு: பூ + கொடி = பூக்கொடி, பூங்கொடி

சேர்த்து எழுதுக.
1. பூ + போர்வை
2. பூ + தோட்டம்
3. பூ + சோலை
4. பூ + பாத்தி

பொருத்துக.
1. அரும்பு – உதிர்ந்த பூ
2. போது – வாடிய பூ
3. செம்மல் – தோன்றும் நிலை
4. வீ – விரியத் தொடங்கும் நிலை

செயல்திட்டம்

1. ஒரே அளவுள்ள இரு தொட்டிகளில் பத்துமணிப்பூவின் தண்டுகளை நடுக. வேர் பிடித்தபின், ஒன்றிற்கு நாள்தோறும் நீர் ஊற்றுக. மற்றொன்றிற்கு விரலால் சோதித்து, உலர்ந்தபோது மட்டும் ஊற்றுக. ஊற்றிய நீரின் அளவையும் பூத்த மலர்களின் எண்ணிக்கையையும் நான்கு வாரம் குறித்து வந்து, முடிவை வகுப்பில் கூறுக.

2. உன் ஊரில் இப்பூ மலரும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வைக்க. வேற்றூரில் வாழும் அத்தை, மாமா, பாட்டி ஆகியோருள் ஒருவரிடம் அவ்வூரில் மலரும் நேரத்தைக் கேட்டறிந்து, வேறுபாட்டிற்கான காரணத்தை விளக்கி அவருக்குத் தமிழில் ஒரு மடல் எழுதுக.